ஒரு மணி குறைய

எண்களைப் பற்றித் தமிழில் யார் எழுத உட்கார்ந்தாலும் 1729-இல் போய் நிற்கிறார்கள். டாக்சி, ஆஸ்பத்திரிக் கட்டில், ராமானுஜன். நல்ல எண்தான். ஆனால் கை மாறிக் கை மாறி முகம் தேய்ந்த காசு மாதிரி ஆகிவிட்டது. நான் சொல்ல வந்தது வேறோர் எண். இதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான், கதையாக.

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் கேட்ட கூலிக் கதை. முதல் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நாலு, இப்படியே அறுபத்து நாலு கட்டமும். அரபு மரபில் கேட்டவன் பெயர் சிஸ்ஸா. அம்பலப்புழைக்குப் போனால் கேட்டவர் வேடம் மாறி வந்த கிருஷ்ணன். அரசன் பட்ட கடன்தான் இன்றும் பால்பாயசமாக அடைபடுகிறது என்பார்கள். யார் சொன்னாலும் கதை முடிகிற இடம் ஒன்று. களஞ்சியம் காலி, அரசன் திகைப்பு, கேட்கிற பிள்ளை வாயைப் பிளக்கும். எண் வந்த வேலை முடிந்தது, அதை வெளியே அனுப்பிவிடலாம்.

இதில் எனக்கு நெடுநாள் மனத்தாங்கல் உண்டு.

1,84,46,74,40,73,70,95,51,615.

வாய்விட்டுச் சொன்னால், ஒரு லட்சத்து எண்பத்து நாலாயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடி. அதற்குமேல் நாற்பத்து நாலு லட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடி. அதற்கும்மேல் தொண்ணூற்றைந்து லட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து. கதை சொல்கிறவர்கள் இத்தனையும் சொல்வதில்லை. ‘கோடானுகோடி’ என்று கையை விரித்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கைபேசியும் அவர்களுக்கு இளைத்ததில்லை. இரண்டின் அறுபத்து நாலாம் அடுக்கில் ஒன்றைக் கழித்துக் கேட்டேன். 1.8446744 என்று காட்டிப் பக்கத்தில் ஒரு 19-ஐ ஒட்டியது. அலுவலகத்துக் கணக்குத்தாளில் போட்டேன்; 18446744073709600000 என்றது. கடைசி ஐந்து இலக்கமும் சுழி. கழித்த ஒன்று எங்கே என்று கேட்டால் அதற்குத் தெரியாது. அளவு அப்படியே இருக்கிறது, எண் காணாமல் போய்விட்டது.

அளவையும் குறைசொல்லக் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசில் இட்லி அரிசி ஆயிரம் மணி எண்ணி வைத்தேன். முள் 24 கிராமுக்கும் 25-க்கும் நடுவில் ஆடியது. 25 என்றே வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு கட்டம்வரை ஒரு கிண்ணத்தில் அடங்குகிறது, நூறு கிராம் சொச்சம். இருபது கட்டம் நிரம்பும்போது மொத்தம் 10,48,575 மணி, 26 கிலோ. (25 கிலோவரை மூட்டைக்கு வரி என்று 2022-இல் சொன்ன பிறகு கடைகளில் ஒரு கிலோ கூட்டிக் கட்டி அடுக்கிய அதே மூட்டை.) பாதிப் பலகை முடிந்தால் 107 டன், பத்துப் பதினொரு லாரி. சிற்றரசன்கூடச் சமாளிப்பான். மீதிப் பாதியில்தான் குடி முழுகுகிறது. முழுப் பலகைக்கும் 46,000 கோடி டன்னுக்கு மேல். உலகம் முழுக்க இன்று ஓர் ஆண்டில் விளையும் அரிசி ஐம்பது கோடி டன்னைக் கொஞ்சம் தாண்டும். ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டு விளைச்சல்.

சரி, பெரிய எண். ஆனால் பெரிதாக இருப்பது ஓர் எண்ணுக்குப் பெருமையே இல்லை. அதைவிடப் பெரியது வேண்டுமென்றால் ஒன்றைக் கூட்டினால் போதும்.

அல்-பிரூனி ஆயிரம் ஆண்டுக்கு முன் இந்தக் கணக்கைப் போட்டவர். அறுபத்து நாலு கட்டத்தையும் அவர் கூட்டிக்கொண்டிருக்கவில்லை. பதினாறை எடுத்து வர்க்கம் கண்டால் 256. அதன் வர்க்கம் 65,536. அதன் வர்க்கம் 4,29,49,67,296. இன்னும் ஒரு வர்க்கம். அதில் ஒன்றைக் கழித்துவிடு. நாலே பெருக்கல், ஒரு கழித்தல். ‘எவ்வளவு’ என்று மலைத்த கூட்டத்தில் ‘எப்படி’ என்று கேட்டவர் அவர். கட்டங்களின் எண்ணிக்கை 64 என்பது இரண்டை மேலும் மேலும் இரட்டித்து வருவது; அதனால்தான் இந்தக் குறுக்குவழி திறக்கிறது. அறுபத்து மூன்று கட்டப் பலகையில் இது நடக்காது.

அந்த வாசலில் நுழைந்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று பலகையை வைத்தே பார்க்கலாம். முதல் இரண்டு கட்டத்தில் 1, 2. சேர்ந்து 3. அடுத்த இரண்டில் 4, 8. சேர்ந்து 12, மூன்றின் நாலு மடங்கு. அடுத்த இரண்டில் 16, 32. சேர்ந்து 48, மூன்றின் பதினாறு மடங்கு. இப்படிச் சோடி சோடியாகப் போனால் பலகை முழுக்க மூன்றின் மடங்குதான். ஆகவே மொத்தமும் மூன்றால் வகுபடும். இனி நாலு நாலாக எடுங்கள். முதல் நாலில் 15. அதாவது மூன்றை ஐந்தால் பெருக்கியது. எட்டு எட்டாக எடுத்தால் ஒரு வரிசை, 255. பதினைந்தைப் பதினேழால் பெருக்கியது. இரண்டு வரிசை 65,535; அது 255-ஐ 257-ஆல் பெருக்கியது. பாதிப் பலகை 4,29,49,67,295. அது 65,535-ஐ 65,537-ஆல் பெருக்கியது. கடைசியாக இரண்டு பாதியும் சேரும்போது பெருக்க வேண்டியது 4,29,49,67,297.

பாய் மடிப்பது போல அறுபத்து நாலு கட்டம் ஆறு மடிப்பில் ஒன்றாகிவிடுகிறது. ஒவ்வொரு மடிப்புக்கும் ஓர் எண்: 3, 5, 17, 257, 65537, 4294967297.

இந்த வரிசையை வேறொருவர் வேறொரு வழியில் வந்து பார்த்துவிட்டு மயங்கினார். பியேர் ஃபெர்மா, பிரான்சில் வழக்குமன்ற உத்தியோகம், ஓய்வு நேரத்தில் கணிதம். இவை எல்லாமே பகா எண்கள், இந்த வரிசையில் இனி வருவனவும் பகா எண்களே என்று 1640-இல் ஒரு கடிதத்தில் எழுதினார். நிரூபிக்க முடியவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார், ஆனால் சந்தேகப்படவில்லை. முதல் ஐந்தும் பகா எண்கள்தான். ஆறாவது பத்திலக்க எண். அதை யார் வகுத்துப் பார்ப்பது?

தொண்ணூறு ஆண்டு யாரும் பார்க்கவில்லை. ஃபெர்மா சொன்ன இந்தச் சங்கதி தெரியுமா என்று கோல்ட்பாக் என்ற கணிதர் ஒரு கடிதத்தில் இன்னொரு கணிதரான ஆய்லரைக் கேட்டார். கேட்ட ஆண்டு 1729. (அந்த எண் நம்மை விடாது.) 1732-இல் ஆய்லர் பதில் வைத்திருந்தார்: 4294967297 என்பது 641-ஐ 6700417-ஆல் பெருக்கியது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. கண்ணை மூடிக்கொண்டு எல்லா எண்ணாலும் வகுத்துப் பார்த்துக் கண்டதில்லை இது. இப்படிப்பட்ட எண்ணுக்குக் காரணி இருந்தால் அது அறுபத்து நாலின் மடங்குக்கு ஒன்று கூடுதலாகத்தான் இருக்க முடியும் என்பதைப் பின்னால் விளக்கி எழுதினார். அந்தச் சல்லடையில் சலித்தால் தேறும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் அகப்பட்டுவிடுகிறது. அறுபத்து நாலு இங்கேயும் வந்து நிற்பதைக் கவனியுங்கள். பலகைக்கு அதில் பங்கில்லை, ஆனாலும் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

641 ஏன் வகுக்கிறது என்பதற்குப் பின்னால் வந்தவர்கள் கண்ட ஒரு குறுக்குவழி உண்டு. கட்டுரை எழுதுகிறவன் கணக்குப் போட்டுக் காட்டக் கூடாது என்பார்கள். இதைக் காட்டாமல் விட எனக்கு மனம் வராது. 641 என்பது 640-உம் ஒன்றும். 641 என்பது 625-உம் 16-உம். இந்த இரண்டு வரிதான் முதல். 641-ஆல் வகுக்கிற கணக்கில் 640 என்பது ஒன்று குறைவு, அதாவது கழித்தல் ஒன்று. கழித்தல் ஒன்றை நாலு தடவை வைத்துப் பெருக்கினால் ஒன்று. ஆக, 640-இன் நாலாம் அடுக்கு மீதி ஒன்றைத் தரும். 640 என்பது ஐந்தை 128-ஆல் பெருக்கியது. 128 இரண்டின் ஏழாம் அடுக்கு. எனவே அந்த நாலாம் அடுக்கு என்பது 625-ஐ இரண்டின் இருபத்தெட்டாம் அடுக்கால் பெருக்கியது. 625-ஓ 641-க்குப் பதினாறு குறைவு. அதன் இடத்தில் கழித்தல் பதினாறைப் போடலாம். பதினாறு இரண்டின் நாலாம் அடுக்கு. நாலும் இருபத்தெட்டும் முப்பத்திரண்டு. இரண்டின் முப்பத்திரண்டாம் அடுக்கைக் கழித்தல் குறியோடு எடுத்தால் மீதி ஒன்று. அதனோடு ஒன்றைக் கூட்டினால் மீதியே இல்லை. பத்திலக்க எண்ணை ஒரு முறைகூட வகுக்காமல், அது வகுபடும் என்று தெரிந்துவிட்டது. தாளில் எழுதிப் பார்த்த அன்று நான் இரண்டாவது காப்பி குடிக்க மறந்தேன்.

ஆக, களஞ்சியத்தைக் காலி செய்த அந்த எண் ஏழு பகா எண்களால் ஆனது: 3, 5, 17, 257, 641, 65537, 6700417. எதுவும் இரண்டு முறை வரவில்லை. அதனால் மீதியின்றி அதை வகுக்கும் எண்கள் 128. கதையில் யாருமே இந்தப் பெயர்களைச் சொல்வதில்லை.

பாதிப் பலகைக்குத் தனியாக ஒரு சரித்திரம் உண்டு. 1796 மார்ச் 30 அன்று, பத்தொன்பது நிறைய இன்னும் ஒரு மாதம் இருந்த காஸ், பதினேழு சம பக்கங்கொண்ட உருவத்தைக் கவராயத்தாலும் அளவு குறிக்காத கோலாலும் வரைய முடியும் என்று கண்டார். யூக்ளிட் காலத்திலிருந்து முக்கோணம், ஐங்கோணம், பதினைங்கோணம் என்று நின்றிருந்த இடத்தில் ஒரு பையன் புது வாசல் திறந்தான். அவர் கண்ட விதிப்படி, ஒற்றைப்படைப் பக்கங்களோடு அப்படி வரையக்கூடியவை என்று இன்று நமக்குத் தெரிந்தவை முப்பத்தொன்று. அவை எவை? பாதிப் பலகை நெல்லின் எண்ணிக்கையான 4,29,49,67,295-ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள், ஒன்றைத் தவிர்த்து. அவற்றில் மிகப் பெரியது அந்த எண்ணேதான். ஹெர்மஸ் என்ற ஜெர்மானியர் 65,537 பக்க உருவத்துக்கு வழிமுறை எழுதப் பத்தாண்டு செலவிட்டார். 1894-இல் அதைப் பற்றி வெளியிட்டார். கையெழுத்துப் படி கட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு பெட்டியில் இருக்கிறது. அப்படி வரைந்தால் வட்டத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத வித்தியாசத்துக்குப் பத்தாண்டு கொடுப்பதைப் பைத்தியம் என்று சொல்லலாம். நான் சொல்ல மாட்டேன்.

கழித்த ஒன்றுக்கு வருகிறேன். அதைக் கழிக்காமல் விட்டால் இரண்டின் அறுபத்து நாலாம் அடுக்கு. உள்ளே போனால் இரண்டு, இரண்டு, இரண்டு, அவ்வளவுதான். ஒரு மணியை எடுத்தவுடன் அதே குவியலில் ஏழு பேர் குடியிருக்கிறார்கள். ஒரு மணியைச் சேர்த்தாலோ கதவு இறுகச் சாத்திக்கொள்கிறது. 18446744073709551617, மடிப்பு வரிசையில் அடுத்த ஃபெர்மா எண். 1880-இல் லாந்த்ரி என்ற பிரெஞ்சுக்காரர் எண்பத்திரண்டு வயதில் அதை உடைத்தார்: 274177, 67280421310721. கிளவுசன் என்பவர் அதற்கு இருபத்தைந்து ஆண்டு முன்பே உடைத்து காஸுக்கு எழுதிவிட்டார் என்பது பின்னால்தான் வெளியே தெரிந்தது. அந்தக் கடிதம் போனபோது காஸுக்கு ஆயுளில் மிச்சமிருந்தது சில வாரம்.

கட்டத்தைக் கூட்டிக் குறைத்தாலும் இதே வேடிக்கை. பலகையில் மூன்று கட்டத்தைக் குறைத்து அறுபத்தொன்றோடு நிறுத்தினால் நெல்மணிகள் 23,05,84,30,09,21,36,93,951. இது பகா எண். இரண்டு பேருக்கோ இருநூறு பேருக்கோ சமமாகப் பங்கு பிரிக்க வழியே இல்லை. இதைக் கண்டு சொன்னவர் பெர்வூஷின், ரஷ்யக் கிராமப் பாதிரியார், 1883-இல். மூன்று கட்டம் கூட்டி அறுபத்தேழாக்கினால்? அதுவும் பகா எண் என்று மெர்சென் 1644-இல் ஒரு பட்டியல் போட்டிருந்தார். அதில் 67 உண்டு, 61 இல்லை. எழுதும்போது கை தவறி இடம் மாறியிருக்குமோ என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. 1876-இல் எதுவார் லூக்கா அறுபத்தேழு கட்டத்து எண் பகா எண் அல்ல என்று காட்டினார், ஆனால் காரணி எதுவும் அவர் கைக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் ஆள் இருப்பது உறுதி, யார் என்று தெரியாது. 1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய கணிதச் சங்கக் கூட்டத்தில் கோல் என்பவர் கரும்பலகைக்குப் போய், வாயே திறக்காமல், 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார் என்று ஈ. டி. பெல் எழுதியிருக்கிறார். மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குச் செலவாயின என்பதும் பெல் தரும் சங்கதிதான்.

அதே லூக்காதான் 1883-இல் ஹனோய் கோபுரம் என்ற விளையாட்டுச் சாமானைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர், தன் பெயரின் எழுத்தை மாற்றிப் போட்ட புனைபெயரில். காசிக் கோயிலில் அறுபத்து நாலு பொன்தட்டுகளை அர்ச்சகர்கள் இரவு பகலாக மாற்றி அடுக்குகிறார்கள், முடிந்தால் உலகம் முடியும் என்ற கதை அதோடு சேர்ந்துகொண்டது. காசிக்காரர்களுக்கு அப்படி ஒரு கதையே தெரியாது, பாரிஸில் பிறந்தது. தேவைப்படும் நகர்த்தல்களின் எண்ணிக்கை நம்முடைய எண்ணேதான். நொடிக்கு ஒன்று என்றால் 58,454 கோடி ஆண்டு. இங்கேயும் எல்லோரும் ஆண்டைக் கேட்டு மலைக்கிறார்கள்.

இந்த எண்ணைப் பெரிதாக நினைக்காதது கணினி மட்டுமே. ஒன்றும் சுழியும் மட்டும் வைத்து எழுதும் முறையில் இது அறுபத்து நாலு ஒன்றுகள், வேறெதுவும் இல்லை. இன்றைய கணினிகளில் ஒரு சொல்லின் நீளம் அறுபத்து நாலு இடம். எல்லா இடத்திலும் ஒன்றைப் போட்டால் முழு எண்ணுக்கு அதுவே உச்சவரம்பு. சதுரங்கம் ஆடும் நிரல்கள் 1970-களிலிருந்தே இதைப் பயன்படுத்திக்கொண்டன: கட்டத்துக்கு ஓர் இடம், காய் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. அறுபத்து நாலு கட்டத்திலும் காய் நின்றால் வருவது 18446744073709551615. அரசனுக்கு இது தெரிந்திருந்தால் தப்பித்திருப்பான். கட்டத்துக்கு ஒரு மணி வீதம் அறுபத்து நாலே மணியை வைத்துவிட்டு, ‘நீ கேட்டது இதுதான், வாசித்துப் பார்’ என்று சொல்லியிருக்கலாம்.

பிள்ளைகளுக்கு இந்தக் கதையை இனி சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். களஞ்சியம் காலியானதோடு நிறுத்த வேண்டாம். அந்த நெல்லை 641 பேர் உட்கார்ந்த பந்திக்குப் பங்கு வைக்கச் சொல்லுங்கள். பாதிப் பலகை நெல்லைப் பங்கு வைத்தால் கடைசிச் சுற்றில் இரண்டு மணி போதாமல் போகும். முழுப் பலகை நெல்லுக்குத் தலைக்கு 28,77,80,71,87,78,62,015 மணி. ஒரு மணி மிச்சம் விழாது. ஒரு முழுத் தாளும் பென்சிலும் கொடுத்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை அரை மணியில் வகுத்துப் பார்த்துவிடும்.